ஏலக்காய்க்கு ஐம்பது டிகிரி போதும்

போடிநாயக்கனூரில் ஒரு கிலோ ஏலக்காய் வாங்குகிறவர், அந்தக் காயை விட்டுப் பிரிந்துபோன மூன்றரை லிட்டர் தண்ணீரை நினைத்துப் பார்ப்பதில்லை. செடியிலிருந்து அப்போதுதான் பறித்த பச்சைக்காயின் எடையில் ஏறத்தாழ 80 சதவீதம் நீர். விற்பனைக்கு வரும் உலர்ந்த காயில் இருப்பதோ சுமார் 10 சதவீதம்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால், நாலரைக் கிலோ பச்சைக்காய் உலர்ந்து ஒரு கிலோ ஆகிறது. மீதி மூன்றரைக் கிலோவும் ஆவியாகி மலைக்காற்றோடு போய்விடுகிறது.

அந்த நீரை வெளியேற்ற எவ்வளவு வெப்பம் வேண்டும்? அது எங்கிருந்து வருகிறது? அதில் வீணாவது எவ்வளவு? இந்த மூன்று கேள்விகளையும் பிடித்துக்கொண்டு போனால், ஏலமலைத் தோட்டத்தின் உலர்த்தும் அறையிலும் மலையடிவாரத்துக் கல்லூரி விடுதியின் குளியலறையிலும் ஒரே விதி வேலை செய்வதைப் பார்க்கலாம்.

போடியையும் ஏலக்காயையும் பிரித்துப் பேச முடியாது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்களில் ஒன்று இங்கே இருக்கிறது. மற்றொன்று மலைக்கு மேலே, கேரளத்தின் புற்றடியில். தோட்டங்களில் பெரும்பாலானவை இடுக்கிப் பக்கம் இருந்தாலும், அங்கே காய் எடுக்கப் போகும் தொழிலாளர்கள் விடியற்காலையில் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும்தான் ஜீப் ஏறுகிறார்கள். ஊரின் கலைக் கல்லூரிக்கே ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரி என்றுதான் பெயர். 2012-இல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரியும் இதே மலையின் நிழலில், மேலச்சொக்கநாதபுரத்தில் இருக்கிறது. மேலே காயை உலர்த்துகிற அறிவும் கீழே வளாகத்தை நடத்துகிற அறிவும் ஒரே சாலையின் இரண்டு முனைகளில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து யோசிப்பவர்கள் குறைவு.

நீரின் பிடிவாதம்

ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 0.31 மெகாஜூல் வெப்பம் போதும். ஆனால் கொதிக்கும் அதே தண்ணீரை முழுவதும் ஆவியாக்க 2.26 மெகாஜூல், அதாவது ஏழு மடங்குக்கும் மேல் வேண்டும். இந்த வெப்பம் வெப்பநிலையை ஒரு டிகிரிகூட உயர்த்தாது. ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கும் நீர் மூலக்கூறுகளைப் பிரித்தெடுப்பதற்கே அத்தனையும் செலவாகிறது. உள்ளுறை வெப்பம் என்று பள்ளிப் பாடத்தில் படித்தது இதைத்தான்.

நீர் ஆவியாகக் கொதிக்க வேண்டும் என்பதில்லை. கொடியில் காயும் துணியில் எதுவும் கொதிப்பதில்லை. 50 டிகிரியிலும் ஆவியாகும். அப்போது லிட்டருக்கு 2.4 மெகாஜூல் அளவுக்கு வெப்பம் கேட்கும். ஆக, ஒரு கிலோ உலர்ந்த ஏலக்காய்க்காக மூன்றரை லிட்டர் நீரை ஓட்ட 8.4 மெகாஜூல் தேவை. மின்சாரக் கணக்கில் இது 2.3 யூனிட். நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 15 மெகாஜூல் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், அரைக் கிலோவுக்குச் சற்று அதிகமான விறகு போதும்.

இது காகிதக் கணக்கு. எரியும் விறகின் வெப்பம் புகைபோக்கி வழியாகவும், சுவர் வழியாகவும், கதவிடுக்கு வழியாகவும் வெளியேறும். நனைந்த விறகு தன் நீரைத் தானே ஆவியாக்கிக்கொள்ள ஒரு பங்கு வெப்பத்தைத் தின்றுவிடும். எரிந்ததில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே காயைச் சேருகிற அடுப்பாக இருந்தால், ஒரு கிலோ ஏலக்காய்க்கு 2.8 கிலோ விறகு போகும். காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கரிமம். அது முழுதாக எரிந்தால் ஒரு கிலோ விறகிலிருந்து 1.8 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். அப்படியானால் ஒரு கிலோ ஏலக்காய்க்கு ஐந்து கிலோ கார்பன் டை ஆக்சைடு. வெட்டிய அளவு மரம் மீண்டும் வளர்ந்தால் இந்தக் கடன் மெதுவாக அடையும். வளராவிட்டால் வானத்திலேயே நிற்கும். நிழலில்லாமல் வாழாத பயிருக்கு, நிழல் தரும் மரத்தையே எரித்து உலர்த்துவது நீண்ட நாள் நடக்கிற காரியம் அல்ல.

பச்சை நிறத்துக்கான விலை

இவ்வளவு சிரமம் எதற்கு, வெயிலில் காயப்போட்டால் ஆகாதா என்று கேட்கலாம். மிளகாயும் மல்லியும் அப்படித்தானே காய்கின்றன? ஏலக்காயை அப்படிப் போட்டால் வெளுத்துவிடும். ஏல மையத்தில் விலையைத் தீர்மானிப்பவை காயின் பருமனும் பச்சைக் கலரும். அந்தப் பச்சைக்குக் காரணம் பச்சையம். பச்சைய மூலக்கூறின் நடுவில் ஒரு மெக்னீசிய அணு உட்கார்ந்திருக்கிறது. காயின் திசுவிலுள்ள அமிலம் அந்த அணுவை வெளியே தள்ளி, அங்கே ஹைட்ரஜனை உட்கார வைத்தால் நிறம் மங்கிப் பழுப்பேறும். நேரடி வெயில் பச்சையத்தையே சிதைக்கும். வெப்பம் அளவுக்கு மிஞ்சினாலும் இந்தச் சிதைவு வேகம் பிடிக்கும்.

பறித்த காயைக் கழுவி, இரண்டு சதவீதச் சலவைச் சோடாக் கரைசலில் பத்து நிமிடம் ஊறவைக்கும் வழக்கம் இதனால்தான் வந்தது. சோடாவின் காரம் அமிலத்தின் வேகத்தை அடக்குகிறது. மெக்னீசியம் தன் இடத்தில் தங்குகிறது. பிறகு காய் ஸ்டோருக்குள் போகும். ஸ்டோர் என்று தோட்டக்காரர்கள் சொல்வது சரக்கு அடுக்கும் கிடங்கை அல்ல, உலர்த்தும் அறையை. வெளிச்சம் படாத அறை, அடுக்கடுக்காகத் தட்டுகள், வெளியே இருக்கும் அடுப்பிலிருந்து அறைக்குள் ஓடும் சூடான குழாய்கள். 45 முதல் 55 டிகிரிக்குள் வைத்து ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க உலர்த்துவார்கள். விதைகளில் உள்ள நறுமண எண்ணெயின் முக்கியக் கூறுகளான சினியோலும் டெர்பினைல் அசிடேட்டும் ஆவியாகக் கூடியவை. அறை அளவு மீறிச் சூடானால், நீரோடு சேர்ந்து வாசமும் கிளம்பிவிடும்.

இங்கே இயற்கை ஒரு முரணை வைத்திருக்கிறது. காய் எடுப்பு தென்மேற்குப் பருவமழையின்போதே தொடங்கிவிடுகிறது. உலர்த்த வேண்டிய நேரத்தில் மலை முழுக்க மேகமும் சாரலும். காற்றில் ஈரம் 95 சதவீதத்தைத் தொடும். அந்தக் காற்றில் எதைக் காயவைப்பது?

விடை காற்றின் குணத்தில் இருக்கிறது. 20 டிகிரியில் 95 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை எடுத்து, ஒரு சொட்டு நீரைக்கூட நீக்காமல் 50 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் 18 சதவீதத்துக்கு இறங்கிவிடும். நீரின் அளவு மாறவில்லை. நீரைச் சுமக்கும் கொள்ளளவுதான் ஐந்து மடங்குக்கு மேல் பெருத்துவிட்டது. சாரலுக்குள் நிற்கும் அறை ஒன்று உள்ளே பாலைவனமாக மாறுவது இப்படித்தான்.

மலைக்கு மேல் மேகம் கவிந்திருக்க, மழை மறைவில் இருக்கும் போடியில் வெயில் அடிப்பதும் உண்டு. காயை இறக்கிக் கீழேயே உலர்த்தலாமே என்று தோன்றும். பச்சைக்காயாக இறக்கினால் வண்டியில் ஏறும் சுமையில் முக்கால் பங்குக்கு மேல், ஆவியாகப் போகிற தண்ணீர்தான். தாமதமானால் காயின் நிறமும் கெடும். ஸ்டோர்கள் மலை மேலேயே இருப்பதற்கு இவையே காரணங்கள்.

ஆயிரம் டிகிரியும் ஐம்பது டிகிரியும்

விறகு எரியும் சுவாலை எண்ணூறு, ஆயிரம் டிகிரியைத் தொடுகிறது. காய்க்கு வேண்டியதோ ஐம்பது. இந்த இடைவெளியில்தான் விஷயமே இருக்கிறது. ஆயிரம் டிகிரி வெப்பத்தைக் கொண்டு நீராவி உண்டாக்கலாம், சுழலியைச் சுற்றலாம், இரும்பை வளைக்கலாம். ஐம்பது டிகிரி வெப்பத்துக்கு அத்தனை திறமை கிடையாது. சூடேற்றவும் உலர்த்தவும் மட்டும் அது உதவும். அளவில் இரண்டும் ஒரே மெகாஜூலாக இருந்தாலும் தரத்தில் ஒன்றல்ல. உயர்ந்த தரமுள்ள ஆற்றலைத் தாழ்ந்த வேலைக்குக் கொட்டுவது பட்டு வேட்டியை விளக்குத் திரிக்குக் கிழிப்பது போன்றது.

இதைப் புரிந்துகொண்டவர்கள் இரண்டு வழிகளில் போனார்கள். முதல் வழி, அதே விறகை ஒழுங்காக எரிப்பது. இமயமலையின் சிக்கிமில் விளையும் பெரிய ஏலக்காயைப் ‘பட்டி’ என்னும் திறந்த அடுப்பின் மேல் பரப்பி, புகையிலேயே காயவைப்பது வழக்கம். காய் கருத்துப் புகைவாடை ஏறும். டெரி ஆய்வு நிறுவனம் அங்கே, விறகைக் குறைந்த காற்றில் வாயுவாக்கி, அந்த வாயுவைத் தனியே எரிக்கும் உலர்த்தியை அறிமுகம் செய்தது. விறகுச் செலவு குறைந்தது, காயின் நிறம் மேம்பட்டது, எண்ணெயும் அதிகமாகத் தங்கியது. உலகிலேயே அதிகமாக ஏலக்காய் விளைவிக்கும் குவாத்தமாலாவிலும் விறகு உலர்த்திகளால் காடு கரைவது பெரிய கவலை.

இரண்டாவது வழி வெப்ப ஏற்றி. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கும் அதே இயந்திரம்தான், வேறொரு வேலைக்குத் திரும்பியிருக்கிறது. அது வெப்பத்தை உற்பத்தி செய்வதில்லை. ஓரிடத்தில் இருப்பதை இன்னோரிடத்துக்கு ஏற்றிவிடுகிறது. 20 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு வெப்பத்தை ஏற்ற, வெப்ப இயக்கவியல் அனுமதிக்கும் உச்சம் ஒரு யூனிட் மின்சாரத்துக்குப் பத்து யூனிட்டுக்கும் மேலான வெப்பம். நடைமுறையில் மூன்று, நான்கு கிடைக்கும்.

உலர்த்தும் அறையில் அது செய்யும் வேலை இன்னும் அழகானது. சாதாரண ஸ்டோரில் ஈரத்தைச் சுமந்த சூடான காற்றை வெளியே விட்டுவிடுவார்கள். அந்த ஈரத்துக்குள்தான் நாம் செலவழித்த உள்ளுறை வெப்பம் அத்தனையும் ஒளிந்திருக்கிறது. வெப்ப ஏற்றி அந்தக் காற்றைக் குளிர்ந்த சுருள்களின் மேல் ஓட்டுகிறது. நீராவி மறுபடி நீராகச் சொட்டுகிறது. சொட்டும்போது, பிரிவதற்கு வாங்கிய வெப்பத்தை மூலக்கூறுகள் திருப்பிக் கொடுக்கின்றன. அந்த வெப்பத்தைச் சூடான சுருளுக்கு ஏற்றி, அதே காற்றை மீண்டும் காய்களின் மேல் அனுப்பலாம். நன்றாக அமைத்த இயந்திரம் ஒரு யூனிட் மின்சாரத்தில் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் நீரை எடுத்துவிடும். ஒரு கிலோ ஏலக்காய்க்கு ஏறத்தாழ இரண்டு யூனிட். இந்தியாவின் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்ற கணக்கில், 1.4 கிலோதான் ஆகிறது.

இதற்கு இந்த மண்ணே இன்னொரு சலுகையும் தருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஏலமலையில் மழையைக் கொட்டிவிட்டு, கம்பம் கணவாய் வழியே தேனிச் சமவெளிக்கு இறங்கி அங்குள்ள காற்றாலைகளைச் சுற்றுகிறது. காயை நனைக்கும் அதே காற்றில், அதைக் காயவைக்கும் மின்சாரமும் கிடைக்கிறது.

மலையிறங்கினால் கல்லூரி

இனி, வேலைக்கு ஏற்ற டிகிரி என்ற இந்த விதியோடு ஒரு கல்லூரி வளாகத்துக்குள் போவோம். குறிப்பிட்ட கல்லூரி எதுவும் வேண்டாம்; 300 பேர் தங்கும் விடுதியும் 500 மின்விசிறிகளும் உள்ள கற்பனைக் கல்லூரி ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

விடுதியில் காலைக் குளியல். ஒருவருக்கு 20 லிட்டர் வெந்நீர்; 25 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்கு. ஆளுக்கு 0.4 யூனிட், மொத்தம் நாளொன்றுக்கு 120 யூனிட். இதை மின்சார ஹீட்டர் செய்தால் அந்த மின்சாரம் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். அனல்மின் நிலையம் ஒன்றில் நிலக்கரியை எரித்து, 540 டிகிரியை ஒட்டிய நீராவி உண்டாக்கி, அதன் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மட்டும் மின்சாரமாக்கி, கம்பி வழியாகக் கொண்டுவந்து, கடைசியில் 42 டிகிரி வெந்நீர் போடுகிறோம். ஏலக்காய் அடுப்பில் கண்ட அதே பொருத்தமின்மை, இன்னும் பெரிய அளவில்.

கூரையில் சூரியப் பலகை போட்டு அந்த 120 யூனிட்டை எடுத்துக்கொள்ளலாமே? எடுக்கலாம். தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் பலகை நாளுக்கு ஏறத்தாழ நான்கு யூனிட் தரும். ஆகவே 30 கிலோவாட், அதாவது சுமார் 150 சதுர மீட்டர் பலகை வேண்டும். அதே வேலையைச் சூரிய வெந்நீர்க் கருவி 50 சதுர மீட்டரில் முடித்துவிடும். பலகை சூரிய ஒளியில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக மாற்றுகிறது. வெந்நீர்க் கருவி பாதி அளவுக்கு வெப்பமாகப் பிடித்துக்கொள்கிறது. பலகையின் மின்சாரம் கணினிக்கும் விளக்குக்கும் போகட்டும். தண்ணீர் காய்ச்சுவதற்கு அது அதிகம்.

அடுத்து சமையல்கூடம். சோறு வேக 100 டிகிரி வேண்டும். உலை கொதித்த பிறகு தீயைக் கூட்டினாலும் அது 101 ஆவதில்லை. ஆவிதான் அதிகம் கிளம்பும். அந்த ஆவியில் போவது லிட்டருக்கு 2.26 மெகாஜூல். கொதி வந்ததும் மூடி போட்டுத் தீயைக் குறைக்கிற சமையல்காரர், எந்தக் கருவியும் வாங்காமல் எரிவாயுவை மிச்சம் பிடிக்கிறார். சூரியனைக் கொண்டே இதைச் செய்ய முடியும் என்பதற்குத் தமிழகத்திலேயே சாட்சி இருக்கிறது. ஆரோவில்லின் சூரியச் சமையற்கூடத்தின் கூரையில், 15 மீட்டர் குறுக்களவுள்ள பெரிய கண்ணாடிக் கிண்ணம் அசையாமல் நிற்கிறது. குவியும் ஒளியைப் பிடிக்கும் குழாய் மட்டும் சூரியனைப் பின்தொடர்ந்து நகர்கிறது. நல்ல வெயில் நாளில் ஆயிரம் பேருக்குச் சமைக்கத் தேவையான நீராவியைத் தரும் அளவுக்கு அதை அமைத்தார்கள். மேகம் மூடினால் கைகொடுக்க ஒரு கொதிகலனும் உண்டு. 100 டிகிரி வேலைக்கு அதை ஒட்டிய வெப்பம். அளவெடுத்துத் தைத்த பொருத்தம்.

இனி வகுப்பறை. மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. ஆளில்லாத அறையில் ஓடும் விசிறி, தன் மோட்டாரின் சூட்டால் அறையைக் கொஞ்சம் வெப்பமாக்கவே செய்யும். அது குளிர்விப்பது ஆளை. தோல்மேல் உள்ள வியர்வையை ஆவியாக்கும்போது, லிட்டருக்கு 2.4 மெகாஜூல் வெப்பம் உடலிலிருந்து கழன்று போகிறது. ஸ்டோரில் தட்டில் கிடக்கும் காயும் விசிறியின் கீழே பரீட்சை எழுதும் மாணவியும் இயற்பியலின் ஒரே பக்கத்தில்தான் இருக்கிறார்கள். போடி போன்ற மழை மறைவு ஊரில், காற்று வறண்டிருக்கும் மாதங்களில் விசிறியே பெரும்பாலும் போதுமானது. கடைசியாக வெளியேறுபவர் சுவிட்சை அணைக்க வேண்டும் என்பது ஒழுக்க விதி மட்டும் இல்லை, வியர்க்க ஆளில்லாத அறையில் விசிறிக்கு வேலையே இல்லை.

பழைய விசிறி 75 வாட் இழுக்கும். பிரஷ் இல்லாத புதிய மோட்டார் வைத்த விசிறி, அதே காற்றை 30 வாட்டில் தருகிறது. மிச்சம் 45 வாட். 500 விசிறிகள், எட்டு மணி நேரம், ஒரு நாளைக்கு 180 யூனிட். கல்லூரி நடக்கும் 200 நாளில் 36,000 யூனிட். கார்பன் டை ஆக்சைடு 25 டன். கூரையில் ஒரு பலகைகூட ஏற்றுவதற்கு முன்பே கிடைக்கும் லாபம் இது. மேல்மாடி வகுப்புகளின் கூரைக்கு வெள்ளை பூசினால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போகும், உள்ளே இறங்கும் சூடு குறையும். குளிர்சாதனம் தவிர்க்க முடியாத ஆய்வகங்களில், வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் மின்செலவு ஏறத்தாழ ஆறு சதவீதம் குறையும் என்று எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது.

வரிசை முக்கியம்

வளாகத்தைப் பசுமையாக்குவது என்றதும் நிர்வாகங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கூரைமேல் பலகையும் வாசலில் அதன் திறப்பு விழாக் கல்வெட்டும். பலகை நல்லதுதான், ஆனால் அது கடைசியில் வர வேண்டியது. முதலில் தேவையைக் குறைக்க வேண்டும். அடுத்து, மிஞ்சிய ஒவ்வொரு தேவைக்கும் அதன் டிகிரிக்கு ஏற்ற வெப்பத்தைத் தேட வேண்டும். மின்சாரமே வேண்டும் என்று நிற்கிற வேலைகள் மட்டும் கடைசியில் மிஞ்சும். அவற்றுக்குப் பலகை போட்டால், வாங்க வேண்டிய பலகை மிகக் குறைவாக இருக்கும். ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது வெயிலுக்கும் பொருந்தும்.

இதெல்லாம் உலகைக் காப்பாற்றும் பெரிய பேச்சு, நமக்கென்ன என்று போடியில் யாரும் ஒதுங்க முடியாது. ஏலம் குளிர்ந்த நிழலையும் ஈரமான காற்றையும் நம்பி வாழும் செடி. 2024 கோடையின் வெப்பத்திலும் வறட்சியிலும் இடுக்கித் தோட்டங்களில் ஏலச்செடிகள் பெருமளவில் காய்ந்துபோயின. வெப்பம் கூடும் உலகத்தில் முதலில் அடி வாங்கும் பயிர்களில் ஒன்றை நம்பித்தான் இந்த ஊரின் கடைகளும் ஜீப்புகளும் கல்லூரிக் கட்டணங்களும் நிற்கின்றன.

மலையடிவாரக் கல்லூரிகளின் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பருவத் திட்டப் பணிக்கு ஒரு வெப்பமானியையும் ஒரு நோட்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் வளாகத்தைச் சுற்றுங்கள். என்ன வேலை, அதற்கு எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம், இப்போது எரிவது எது என்று நான்கு பத்திகளில் எழுதுங்கள். முடிந்தால் பாதிப் பேர் மலையேறி, ஒரு தோட்டத்து ஸ்டோரிலும் இதே அட்டவணையைப் போடுங்கள். சூரியப் பலகைக்கு டெண்டர் விடுவதற்கு முன்னால் கல்லூரி முதல்வரின் மேசைமேல் இருக்க வேண்டியது அந்த அட்டவணைதான்.